இந்தப் படத்தை அடுத்துத் திருத்தப்போவது யார்?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப்செட் கன்ட்ரோல் பேனல் தயாரிக்கும் நிறுவனம் எங்களுடையது. ஆவணப் பிரிவில் மூன்று பேர் இருக்கிறோம். பேனலோடு பெட்டியில் வைத்து அனுப்பும் ஏ5 கையேடு தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அச்சாகிறது. இப்போது மொபைல் ஆப்பும் வந்துவிட்டதால், அதன் சர்வர் பகுதிக்கான ஆவணத்தை மென்பொருள் குழு கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் எழுதுகிறது. மொத்தம் 140 படங்கள். பாதி, மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருளான விசியோவில் வரைந்தவை. மீதியில் சில பவர்பாயிண்ட், சில யாரோ எப்போதோ எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட். எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மேலாளர். எதற்கு மாறுவது? விசியோ லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமா? சில படங்களில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. அதற்கும் கருவிதான் காரணமா?

பதில்: ஒரே கருவி வேண்டாம். மூன்று வேண்டும், மூன்றுமே இலவசமாகக் கிடைக்கும்.

கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக ஒரு படம் வரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் பார்க்கிறார்கள். கையேட்டுப் படத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. டெர்மினல் எண் மாறும், ரிலே மாடல் மாறும், இந்திப் பதிப்பில் ஒரு சொல் நீளும். ஒரு முறை வரைந்த படத்தைப் பல முறை திறக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் திறப்பவர் அதை வரைந்தவராக இருக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதை அடுத்துத் திருத்தப்போவது யார்? இது கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது, அச்சகத்துக்கா, வலைப்பக்கத்துக்கா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் கருவி தானாக முடிவாகிவிடும். உங்கள் 140 படங்களைப் பிரித்தால் வயரிங் படங்கள் ஒரு பக்கம், பேனல் முகப்பும் கோளாறு தேடும் ஃப்ளோசார்ட்டும் ஒரு பக்கம், ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வரிசைப் படங்கள் ஒரு பக்கம் என்று மூன்று குவியல் வரும்.

வயரிங் படங்கள்

இதில்தான் தவறு நடந்தால் பொருள் சேதம். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடக்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரிலிருந்து ஆறு முனை வருகிறது: யு1, வி1, டபிள்யு1, யு2, வி2, டபிள்யு2. டெல்டாவில் யு1 உடன் டபிள்யு2, வி1 உடன் யு2, டபிள்யு1 உடன் வி2 சேர வேண்டும். இதைப் பவர்பாயிண்டில் வரைந்தால், அந்த மென்பொருளுக்கு அவை ஆறு பெட்டியும் சில கோடுகளும்தான். இடம் போதவில்லை என்று யாரோ டெர்மினல் வரிசையைக் கொஞ்சம் நகர்த்தும்போது ஒரு கோடு பக்கத்து முனையில் போய் உட்கார்ந்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதைப் பார்த்து இணைப்புக் கொடுத்த எலக்ட்ரீஷியனுக்கு மோட்டார் ஸ்டாரில் சரியாகச் சுற்றும். டெல்டாவுக்கு மாறும் நொடியில் பிரேக்கர் விழும்.

எனவே கோடு எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி வேண்டும். கியூஎலெக்ட்ரோடெக் என்ற மின்வரைபட மென்பொருள் போதும். கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, டைமர் போன்றவற்றின் குறியீடுகள் அதிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முனைகள் உண்டு. வயர் முனையில்தான் மாட்டும். கான்டாக்டரை நகர்த்தினால் வயரும் கூடவே வரும். வயர் எண்ணைத் தானே போடும். காயில் ஒரு பக்கமும் அதன் கான்டாக்ட் வேறு பக்கமும் இருந்தால் எது எங்கே என்று குறிப்பும் கொடுக்கும். எஸ்விஜி, பிஎன்ஜி, டிஎக்ஸ்எஃப் ஆகிய வடிவங்களில் படத்தை வெளியே எடுக்கலாம்.

ஆனால் அதை நிறுவும் முன் உங்கள் டிசைன் பிரிவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே ஏற்கெனவே மின்வரைபட மென்பொருள் இருந்தால் அதே இணைப்பை நீங்கள் இரண்டாவது முறை வரையவே கூடாது. இரண்டு இடத்தில் வரைந்தால் ஒன்று மாறும், மற்றது மாறாது. டிஎக்ஸ்எஃப் அல்லது வெக்டர் (கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும்) பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் வாங்காதீர்கள். வாங்கியதை இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் மென்பொருளில் திறந்து, டைட்டில் பிளாக்கையும் பேனல் உள்ளே மட்டுமே இருக்கும் வயர்களையும் நீக்குங்கள். பெட்டியைப் பிரிக்கும் விவசாயிக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ வேண்டியது வெளி இணைப்புகள்தான்: சப்ளை எங்கே, மோட்டார் எங்கே, ஃப்ளோட் சுவிட்ச் எங்கே, எர்த் எங்கே. தொழிற்சாலையில் பேனல் கட்டுகிறவர் பார்க்கும் படத்தை அப்படியே கையேட்டில் போடுவது பலரும் செய்யும் வேலை. நாற்பது வயரில் தனக்கு வேண்டிய ஆறை வாசிப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

கோட்டின் தடிமனைக் கடைசி அளவில் பாருங்கள். ஏ3 தாளுக்கு வரைந்ததை ஏ5 ஆக்கினால் நீள அகலம் பாதியாகும். அரை பாயிண்ட் கோடு கால் பாயிண்ட் ஆகும். மட்டமான தாளில் அது விட்டுவிட்டுத்தான் பதியும். அச்சில் பவர் வயருக்கு 1.25 பாயிண்ட், கன்ட்ரோல் வயருக்கு 0.75 பாயிண்ட் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியாது. செலவு குறைக்கக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் ஆர், ஒய், பி எழுத்தைப் போடுங்கள். மூன்றுக்கும் முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, புள்ளிக்கோடு என்று வேறுபாடும் கொடுங்கள். மஞ்சளுக்குப் பதில் அழுத்தமான காவி மஞ்சள் வையுங்கள்.

பேனல் முகப்பு, ஃப்ளோசார்ட்

இவற்றுக்கு டிரா டாட் ஐஓ என்ற வரைபட மென்பொருள். டெஸ்க்டாப் பதிப்பையே நிறுவுங்கள்; இணைய இணைப்பு இல்லாமல் வேலை செய்யும், கோப்பும் உங்கள் கணினியிலேயே இருக்கும். பழகுவதற்கு அரை நாள் போதும், அதனால் குழுவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எக்ஸ்காலிடிராவைச் சிலர் சொல்வார்கள். கையால் கிறுக்கியதுபோல் வரும் அந்தத் தோற்றம் கூட்டத்தில் யோசனை சொல்ல நன்றாக இருக்கும். மின்சாரம் பாயும் பொருளின் கையேட்டில் வேண்டாம்.

அச்சில் எழுத்து பொடியாகப் போவதுதான் இந்தக் குவியலில் நீங்கள் சந்திக்கும் பெரிய கோளாறாக இருக்கும். அதற்குக் காரணம் கருவி அல்ல; வரைய ஆரம்பிக்கும்போது தாளின் அளவை யோசிக்காததே. கணக்கு எளிது: எழுத்தின் அளவைப் படத்தின் மொத்த அகலத்தால் வகுத்து, அச்சில் படம் பிடிக்கும் அகலத்தால் பெருக்குங்கள். ஏ5 தாள் 148 மி.மீ. அகலம். இரு பக்கமும் 12 மி.மீ. விட்டால் படத்துக்கு 124 மி.மீ. டிரா டாட் ஐஓவில் எழுத்தின் இயல்பான அளவு 12. படம் 1000 அலகு அகலமாகப் போய்விட்டால், 12ஐ 1000ஆல் வகுத்து 124ஆல் பெருக்க 1.49 மி.மீ. வருகிறது. அதாவது 4.2 பாயிண்ட். மாத்திரை அட்டையின் பின்புற எழுத்துக்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆங்கில எழுத்துக்கு 7 பாயிண்ட் குறைந்தபட்சம் என்று வையுங்கள். தமிழுக்கு 8க்குக் கீழே இறங்காதீர்கள். மேலே கொக்கி, கீழே சுழி என்று ஒரே எழுத்துக்குள் நுணுக்கம் அதிகம். சின்ன அளவில் ‘ழி’யும் ‘ழீ’யும் ஒன்றாகத் தெரியும். 8 பாயிண்ட் என்றால் 2.82 மி.மீ. திருப்பிக் கணக்குப் போட்டால், எழுத்தை 14 ஆக வைத்துக்கொண்டு படத்தின் அகலத்தை 600 அலகுக்குள் முடிக்க வேண்டும். புதுப் படம் தொடங்கியதும் 600 அகலத்துக்கு ஒரு மெல்லிய சட்டம் போட்டு அதைப் பூட்டிவிடுங்கள். அதற்குள் அடங்காத ஃப்ளோசார்ட்டைச் சுருக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். ‘மோட்டார் ஓடவில்லை’ ஒரு படம், ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை’ வேறொரு படம். வயலில் நிற்கிறவருக்கும் அதுதான் வசதி.

பேனல் முகப்புப் படத்துக்குள் மொழியே வேண்டாம். சுவிட்ச், விளக்கு, மீட்டர் ஒவ்வொன்றுக்கும் வட்டத்துக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு, விளக்கத்தைப் படத்துக்குக் கீழே அட்டவணையாக எழுதுங்கள். ஒரே படம் மூன்று மொழிக்கும் ஓடும். மொழிபெயர்ப்பாளர் அட்டவணையை மட்டும் தொட்டால் போதும். ஃப்ளோசார்ட்டில் இது நடக்காது, பெட்டிக்குள் சொல் இருந்தே ஆக வேண்டும். அங்கே ஒரே கோப்பில் மொழிக்கு ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைத் தமிழ்ச் சொல்லுக்கு அளந்து போடுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் ‘மின்னழுத்தம் குறைவு’ இரண்டாக மடியும், மூன்றாகவும் மடியும்.

வெளியே எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுங்கள். பிஎன்ஜிதான் வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தால், 124 மி.மீ. அகலத்துக்கு 300 டிபிஐயில் 1465 பிக்சல் வேண்டும். 600 அலகுப் படத்தை ஜூம் 300 சதவீதத்தில் எடுத்தால் 1800 வரும், போதும். ஜேபெக் கூடவே கூடாது. கோடும் எழுத்தும் உள்ள படத்தில் ஓரமெல்லாம் அழுக்கு படிந்ததுபோல் வரும்.

எஸ்விஜி எடுத்து வேறு மென்பொருளில் திறந்தால், எழுத்து இருக்கவேண்டிய இடம் வெறுமையாகி, இந்த எழுத்தைக் காட்ட முடியவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் வரலாம். டிரா டாட் ஐஓ தன் எழுத்துகளை எஸ்விஜிக்குள் எச்டிஎம்எல் துண்டாக வைக்கிறது. அதைப் பிரவுசர் காட்டும், இங்க்ஸ்கேப் காட்டாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் பலகையில் ‘வேர்ட் ராப்’, ‘ஃபார்மட்டட் டெக்ஸ்ட்’ இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு மறுபடி எடுங்கள். வரியைக் கையால் மடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

வேர்டில் ஒட்டுவதானால் ஒட்டும் முன்பே ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு வழியாகப் போய் ‘டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் சேமிக்கும்போது வேர்ட் தானாகப் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். பிறகு டிக் போட்டாலும் போனது திரும்பாது.

தமிழ் எழுத்து உடைவது

கருவி ஒரு காரணம்தான். எப்படி உடைகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. உங்கள் மேசைக் கணினியில் இது நடக்காது. விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. மென்பொருள் குழு படங்களைத் தானாக உருவாக்கும் லினக்ஸ் கன்டெய்னரில் நடக்கும். அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழைச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையில் மொழி தமிழ் என்று கொடுத்து ஓட்டினால் எழுத்துரு உள்ளே இருக்கிறதா என்று தெரியும்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த படம். அந்த எழுத்துருவை நிறுவி ஒப்பேற்றாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் அடுத்த கணினியில் இதே கதைதான்.

‘கொ’வில் கொம்பும் காலும் இடம் மாறினாலோ, நடுவில் புள்ளிவட்டம் முளைத்தாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அந்த வசதி அணைந்திருக்கிறது. அச்சகத்தில் இன்டிசைன் பயன்படுத்துகிறார்கள் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். வேறு மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறந்து ‘கொஞ்சம் சரிசெய்கிறேன்’ என்று கைவைக்கும் அச்சகமாக இருந்தால், கொடுப்பதற்கு முன் இங்க்ஸ்கேப்பில் எழுத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வடிவமாக்கிவிடுங்கள். பிறகு யார் எதில் திறந்தாலும் உடையாது. ஆனால் அதில் ஓர் எழுத்தையும் திருத்த முடியாது, தேடவும் முடியாது. ஆகவே அது அச்சகத்துக்குப் போகும் பிரதி மட்டுமே. மூலம் தனியாக இருக்கட்டும்.

எழுத்து சரியாக இருந்து, பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பெட்டியை அளந்த கணினியில் ஓர் எழுத்துரு, பார்க்கும் கணினியில் வேறு. எழுத்தாக எழுதினால் படம் வரைந்து தரும் கிராஃப்விஸ், பிளான்ட்யுஎம்எல் இரண்டிலும் இது அடிக்கடி வரும். எஸ்விஜியில் எழுத்துருவின் பெயர்தான் போகிறது, எழுத்துரு போவதில்லை. பிளான்ட்யுஎம்எல் கூடுதலாக ஒவ்வொரு சொல்லுக்கும் நீளத்தை எழுதிவைப்பதால், பார்க்கும் இடத்தில் எழுத்துகள் விலகியோ நெருங்கியோ தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துருவை நிறுவி, அதன் பெயரைப் படத்தின் மூலத்திலேயே குறிப்பிடுங்கள். கிராஃப்விஸில் எஸ்விஜியைக் கெய்ரோ என்ற வரையும் நூலகம் வழியாக எடுத்தால் எழுத்து வடிவமாகவே வரும். இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கருவியையும் ஏற்கும் முன் ‘கொள்ளளவு’, ‘ஸ்டார்ட்டர்’, ‘மின்னோட்டம்’, ‘நீர்மட்டம்’ ஆகிய நான்கு சொல்லையும் ஒரு படத்தில் போட்டு, கையேடு போகும் வழி முழுவதும் அனுப்பிப் பாருங்கள். அச்சகத்தின் மாதிரித் தாள் வரை போய் வர வேண்டும். உங்கள் திரையில் சரியாகத் தெரிவதற்கு மதிப்பில்லை.

மென்பொருள் குழுவின் படங்கள்

இங்கே திருத்தப்போவது நிரலாளர்கள். அவர்களை மவுஸ் பிடித்துப் பெட்டி நகர்த்தச் சொன்னால் படம் பழசாகிப் போகும். எழுத்தாக எழுதினால் படமாகும் கருவி வேண்டும், அது ஆவணத்தோடு அதே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். மெர்மெய்டைச் சொல்வேன். கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப் 2022 முதல் அதை நேரடியாகக் காட்டுகிறது, கிட்லேபும் காட்டும். எதையும் நிறுவத் தேவையில்லை. ‘ஆப் பம்பை இயக்கச் சொல்கிறது, சர்வர் பேனலுக்கு அனுப்புகிறது, பேனலிலிருந்து பதில் வரவில்லை’ என்பது நான்கைந்து வரி. யாராவது ஒரு வரியை மாற்றினால் என்ன மாறியது என்பது ரிவ்யூவில் அந்த ஒரு வரியாகவே தெரியும்.

அதில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஃப்ளோசார்ட்டில் ‘எண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை முழுக்கச் சிறிய எழுத்தில் போட்டால் படம் உடையும். பெரிய எழுத்தில் தொடங்குங்கள். இணைப்புக் கோட்டுக்குப் பின் இடைவெளி விடாமல் ஆங்கில ஓ அல்லது எக்ஸில் தொடங்கும் பெயர் வந்தால் கோட்டின் முனையில் வட்டமோ பெருக்கல் குறியோ முளைக்கும். வரிசைப் படத்தின் செய்தியில் அரைப்புள்ளி போட்டால் அங்கேயே வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பெட்டிகளின் அடையாளப் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, காட்டும் பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் தமிழில் எழுதுவது நல்லது. மொழி மாற்றும்போது இணைப்புகளைத் தொட வேண்டியிராது. மெர்மெய்ட் ஃப்ளோசார்ட்டை எஸ்விஜியாக எடுத்து இங்க்ஸ்கேப்பிலோ வேர்டிலோ வைத்தால் எழுத்து காணாமல் போகும். காரணம் டிரா டாட் ஐஓவுக்குச் சொன்னதேதான். அமைப்பில் எச்டிஎம்எல் லேபிளை அணைத்துவிடுங்கள்.

பிளான்ட்யுஎம்எல் இதைவிடப் பழசு, கட்டுப்பாடும் அதிகம். சொற்களை மொழிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்து, எந்த மொழி என்பதை ஓட்டும்போது சொல்லலாம். ஆப்பின் பயனர் கையேடும் மூன்று மொழியில் வரப்போகிறது என்றால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஜாவா நிறுவுவது முதல் எழுத்துரு வரை பராமரிப்பு கூடும். பெரிய படம் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு வந்தால் பயப்படாதீர்கள்: பிஎன்ஜி அகலமும் உயரமும் 4096 பிக்சலுக்கு மேல் போகாதபடி இயல்பாகவே வரம்பு உண்டு. சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) அதை உயர்த்தலாம், அல்லது எஸ்விஜி எடுக்கலாம். அதன் பொதுச் சர்வரில் உங்கள் படங்களை உருவாக்காதீர்கள். படத்தின் எழுத்து முழுவதும் இணைய முகவரிக்குள்ளேயே போகிறது. அது சுருக்கப்பட்டதே தவிர மறையாக்கப்பட்டதல்ல. யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம்.

எழுத்திலிருந்து படம் உருவாக்கும் கருவிகளில் பெரும்பாலும் இருக்கும் குறை, பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது என்பது. ஓர் அம்பு சேர்த்தால் மொத்தப் படமும் இடம் மாறிவிடும். நேற்று இடது மூலையில் இருந்த சர்வர் இன்று நடுவில் இருக்கும். பதினைந்து பெட்டி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சிக்கலாகும். அப்போது கருவியின் அமைப்புகளோடு மல்லுக்கட்டாமல் படத்தைப் பிரியுங்கள், அல்லது அந்த ஒன்றை மட்டும் டிரா டாட் ஐஓவில் வரையுங்கள்.

மூலத்தைத் தொலைக்காமல் இருக்க

உங்கள் ஸ்கிரீன்ஷாட் குவியல் உருவானதே மூலக் கோப்பு தொலைந்ததால்தான். டிரா டாட் ஐஓ பிஎன்ஜி, எஸ்விஜி இரண்டுக்குள்ளும் மூலத்தை மறைத்து வைக்கும். எடுக்கும்போது ‘இன்க்ளூட் எ காப்பி ஆஃப் மை டயாகிராம்’ டிக் போட்டால் போதும், அந்தப் படத்தையே மறுபடி திறந்து திருத்தலாம். வசதிதான். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பிஎன்ஜியை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அங்கே அது மறுபடி சுருக்கப்படும், உள்ளே இருந்த மூலம் போய்விடும். வலைத்தளத்துக்காகப் படத்தின் எடையைக் குறைக்கும் கருவிகளும் அதைத்தான் முதலில் உதிர்க்கும். மூலக் கோப்பைத் தனியே வையுங்கள், வெளியே எடுத்த படத்துக்கும் அதே பெயரைக் கொடுங்கள். பெயரில் பொருள் இருக்கட்டும்: ‘ஸ்டார்-டெல்டா-வெளி-இணைப்பு’ என்றால் தேடலாம், ‘படம்-3-புதியது-இறுதி-2’ என்றால் தேட முடியாது. படத்தின் எண்ணைப் பெயரில் போடாதீர்கள், கையேட்டில் ஒரு படம் கூடினால் எல்லா எண்ணும் மாறும்.

டிரா டாட் ஐஓ கோப்பைக் கிட்டில் வைப்பதானால் கோப்பின் பண்புகளில் ‘கம்ப்ரெஸ்டு’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு சொல் மாறினாலும் கிட்டுக்கு எல்லாமே மாறியதாகத் தெரியும்.

விசியோ

மூன்று பேருக்கும் புதுப்பிக்க வேண்டாம். இப்போதுள்ள லைசென்ஸ் முடிவதற்குள் செய்துவிட வேண்டியது ஒன்று உண்டு: எல்லா விசியோ கோப்பையும் திறந்து, பழைய விஎஸ்டி வடிவில் இருப்பதை விஎஸ்டிஎக்ஸாகச் சேமியுங்கள், ஒவ்வொன்றையும் பிடிஎஃப்பாகவும் எடுத்துவையுங்கள். விஎஸ்டிஎக்ஸ் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த வடிவம். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் கோப்புகளின் ஜிப் மூட்டை, ஆகவே டிரா டாட் ஐஓ அதைத் திறக்கும். பெட்டி, கோடு, எழுத்து வந்துவிடும். நீங்களே செய்த ஸ்டென்சில்களும் கோட்டின் வளைவுகளும் எழுத்தின் இடமும் கொஞ்சம் பிசகும். பக்கத்தில் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு ஒப்பிடத்தான் அதை எடுத்துவைக்கச் சொன்னேன்.

140 படத்தையும் ஒரே மூச்சில் மாற்றவும் வேண்டாம். அதில் பல படங்களை இனி யாரும் தொடவே மாட்டார்கள். அவற்றுக்குப் பிடிஎஃப் போதும். முதலில் வயரிங் படங்களை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் வரைந்தவர் அல்லாத ஒருவர், அச்சான ஏ5 தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பேனலின் டெர்மினல்களோடு ஒவ்வொரு முனையாக ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடட்டும். மற்றவற்றை அடுத்த திருத்தம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். திருத்தம் வந்த படத்தைப் பழைய கருவியில் ஒட்டுப்போடாமல் புதிதில் வரைய வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். இடையில் டீலர்களோ மோட்டார் சப்ளை செய்பவர்களோ விசியோ கோப்பே அனுப்புவார்கள் என்றால், ஒரே ஒரு லைசென்ஸை ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய கணினியில் இருக்கிறது என்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.